பின்னணியில் ஒரு போர்வை

ஜூன் 3

பக்கத்து வீட்டில் இருப்பவருக்கு,

நீங்கள் தமிழ் என்று தெரியும். வெள்ளிக்கிழமை பின்வளவில் நின்று போனில் யாரையோ "டேய், லூசாடா நீ" என்று கத்தினீர்கள். அதனால் தமிழில் எழுதுகிறேன்.

உங்கள் கமரா எங்கள் பக்கம் பார்த்து நிற்கிறது. காலையில் கதவைத் திறந்தால் மூன்று காலில் அது நிற்கிறது. மாலையிலும் நிற்கிறது. நீங்கள் இல்லாத நேரத்திலும் தானாக டிக் டிக் என்கிறது. சீடர் மரவேலியில் ஒரு மரம் பட்டுப்போன இடைவெளி இருக்கிறது. அதன் வழியாக எங்கள் உடுப்புக் கொடி வரை அதற்குத் தெரியும்.

என்ன படம் எடுக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியத் தேவையில்லை. நிறுத்துங்கள்.

போன் நம்பர் தர மாட்டேன். கதவைத் தட்டவும் வேண்டாம். பதில் இருந்தால் பக்கக் கதவில் இருக்கும் பெட்டியில் போடுங்கள். முன்கதவுப் பெட்டி மேல் வீட்டு அக்காவுடையது.

பக்கத்து வீடு, கீழ்த்தளம்


ஜூன் 4

வணக்கம் மேடம்,

முதலில் மன்னிப்பு. பிறகு இன்னொரு மன்னிப்பு. லூசு என் தம்பி.

கேமரா உங்களைப் பார்க்கவில்லை. என் டெக்கில் ஒரு சிவப்புக் குடுவை தொங்குகிறது, பார்த்திருப்பீர்கள். அதை ஃபீடர் என்கிறார்கள். நான்கு பங்கு தண்ணீர், ஒரு பங்கு சர்க்கரை. அதைக் குடிக்க ஹம்மிங்பேர்ட் வருகிறது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். குளிருக்கு முன் தெற்கே போய்விடும். மே மாதம் திரும்பி வரும்.

அந்தரத்தில் நின்று குடிக்கும். வெறும் கண்ணுக்குச் சிறகு தெரியாது. உடம்பின் இரண்டு பக்கமும் ஒரு புகை. நொடியில் மூவாயிரத்தில் ஒரு பங்கு நேரம் கேமரா கண் திறந்து மூடினால்தான் அந்தப் புகை சிறகாகிறது. டிக் டிக் சத்தம் ரிமோட். நான் உள்ளே சமையலறையில் இருந்து அழுத்துகிறேன்.

வீட்டிலிருந்துதான் வேலை. நாள் முழுக்கத் திரையில் சதுரம் சதுரமாக முகங்கள். என்னால் ஓர் இடத்தில் உட்கார முடிவதில்லை. இந்த ஊருக்கு வந்து நான்கு வீடு மாறிவிட்டேன். காரணம் எதுவும் இல்லை, சும்மாதான். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் நல்ல வீடு, அதையும் விட்டேன். இந்தப் பறவைக்காகத்தான் முதல்முறையாக ஒரு நாற்காலியில் அசையாமல் இருந்திருக்கிறேன்.

நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறேன். ஆனால் கேட்டுப் பார்க்கிறேன்: வேறு வழி இருக்கிறதா?

அகிலன்


ஜூன் 8

அகிலனுக்கு,

மேடம் என்று எழுத வேண்டாம். நான் உங்கள் மனேஜர் இல்லை. அக்கா என்றும் வேண்டாம். எனக்கு உங்களைவிட வயது குறைவாக இருக்கலாம்.

நேற்று அது எங்கள் பக்கம் வந்தது. மகளின் சிவப்புச் சட்டை கொடியில் காய்ந்தது. அதற்கு முன்னால் வந்து நின்று, பூ எங்கே என்று தேடுவதுபோல் மேலும் கீழும் பார்த்தது. மகள் மூச்சு விடவில்லை. பேந்து "கொலிப்ரி, கொலிப்ரி" என்று வீடு முழுக்க ஓட்டம். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுப் பெயர்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அதனால் நிறுத்த வேண்டாம். ஒரே நிபந்தனை. படத்தில் மனிதர் வரக் கூடாது. நானோ மகளோ வெளியே நின்றால் அழுத்தக் கூடாது.

மேல் வீட்டு சிவநேசம் அக்கா உங்களைப் பற்றிச் சொன்னது: "அந்த இந்தியாப் பெடியனுக்கு வேலை வெட்டி இல்லைப்போல. குருவிக்குச் சீனித்தண்ணி கரைக்கிற நேரத்துக்கு ஒரு பொம்பிளையைப் பார்த்துக் கட்டலாம்தானே."

சொன்னதைச் சொன்னேன்.


ஜூலை 6

வணக்கம்,

இதற்குள் ஒரு படம் வைத்திருக்கிறேன். உங்கள் மகளுக்கு.

மனிதர் யாரும் இல்லை. சத்தியமாக.

ஆண் பறவை. அதன் தொண்டை பெரும்பாலும் கறுப்பாகத்தான் தெரியும். வெயில் ஒரு குறிப்பிட்ட சாய்வில் விழும்போது மட்டும் சிவப்பாகப் பற்றிக்கொள்ளும். நூற்றுக்கணக்கில் எடுத்தும் கறுப்புதான் கிடைத்தது. போன ஞாயிறு கிடைத்தது இது.

ஆனால் எனக்குப் பிடித்தது பறவையைவிட அதன் பின்னால் இருப்பது. உங்கள் கொடியில் அன்று ஒரு போர்வை காய்ந்தது. கேமரா அதை முழுக்க மங்கலாக்கிவிட்டது. சிவப்பு, கடுகு மஞ்சள், கிளிப்பச்சை, மறுபடி சிவப்பு. துணி என்றே தெரியாது. நிறம் மட்டும் மிதக்கிறது. அதற்காகவே முக்காலியை ஓரடி நகர்த்தி வைத்தேன்.

சிவநேசம் அக்காவிடம் சொல்லுங்கள்: பெண் பார்க்கும் வேலையை என் அம்மா சென்னையில் முழுநேரமாகச் செய்கிறார். ஆள் தேவையில்லை.

அகிலன்


ஜூலை 7

படம் கிடைத்தது. மகளுக்கு இன்னும் காட்டவில்லை.

இதை வேறு யாருக்காவது காட்டினீர்களா? எங்கே? யார் பார்த்தது?

இன்றைக்கே எழுதுங்கள்.


ஜூலை 7, மாலை

காட்டினேன். முகநூலில் ஒரு தமிழ்ப் படக் குழு இருக்கிறது. கனடா முழுக்க ஆட்கள். போன திங்கட்கிழமை போட்டேன். நிறையப் பேர் விரும்பியிருந்தார்கள். உங்கள் கடிதம் பார்த்ததும் எடுத்துவிட்டேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. ஒருவர் கீழே பேசினார். பெயர் நகுலேஸ்வரன். முகப்புப் படத்தில் ஒரு கோபுரம். பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"அருமையான படம் தம்பி. எந்த இடம்?"

"மாண்ட்ரியல் சார்."

"மொன்றியலிலை எவடம்?"

"புவாண்ட்-கிளேர்."

"ஆ, ஏரிப் பக்கமோ?"

"இல்ல சார், ரயில் லைனுக்கு இந்தப் பக்கம்."

"அங்கை எங்கடை ஆக்கள் இருக்கினமோ?"

"பக்கத்து வீட்லயே இருக்காங்க சார். பின்னாடி தெரியற போர்வைகூட அவங்களோடதுதான்."

"சந்தோசம் தம்பி. சந்தோசம்."

ஊர் கேட்டார், சொன்னேன். யார் கேட்டாலும் சொல்வதுதானே. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்டாலும் தெருப் பெயர் வரை சொல்லித்தான் பழக்கம்.

நான் என்ன செய்துவிட்டேன்?

அகிலன்


ஜூலை 9

அகிலனுக்கு,

நகுலேஸ்வரன் என் கணவருடைய சித்தப்பா.

அந்தப் போர்வையைக் கணவருடைய தாயார் தைத்தவர். தன்னுடைய பழைய சேலைகளை வெட்டி, என் மகள் பிறந்தபோது. சிவப்பு அவவின் கூறைச்சேலை. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். வருகிற விருந்தாளிக்கெல்லாம் விரித்துக் காட்டுவா. உங்கள் கமரா துணியை அழித்தது. நிறங்களின் ஒழுங்கை அழிக்கவில்லை.

ரொறன்ரோவில் இருந்து போன வருடம் மாசி மாதம் வெளிக்கிட்டேன். மகளை அதில் சுற்றித்தான் காருக்குக் கொண்டுபோனேன். என் கணவர் என்ன செய்தார் என்று எழுத மாட்டேன். என் இடது கையை முழுதாக நீட்ட முடியாது, அது போதும். எங்களுக்குக் கிட்ட வரக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. உத்தரவு என்றால் கடதாசி.

ஓட்டாவாவில் நான்கு மாதம் இருந்தோம். அங்கும் இப்படித்தான். கோயிலில் ஒரு நல்ல அம்மா. ஊர் எது, யாருடைய மகள். சொன்னேன். அடுத்த கிழமை அவருடைய கார் வந்தது. எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். கலியாணத்துக்கும் இப்படித்தான். இதற்கும் இப்படித்தான்.

நீங்கள் மனிதர் வரக் கூடாது என்ற நிபந்தனையைக் காப்பாற்றினீர்கள். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சும்மா வீடு மாறுகிறவர் நீங்கள். சாமான் கட்டுகிற பெட்டி எங்கே மலிவு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கும் தெரியும்.

இனி எழுத வேண்டாம்.


ஜூலை 15

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். படிக்காமல் கிழிக்கலாம்.

ஃபீடரைக் கழற்றிவிட்டேன். கேமரா உள்ளே. வேலியின் இடைவெளியில் ஒரு பலகை வைத்து அடைத்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் பறவை வந்தது. குடுவை இருந்த இடத்தில், ஒன்றுமில்லாத காற்றில், சரியாக அதே உயரத்தில் நின்றது. போனது. திரும்ப வந்தது. இதை உவமையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நானும் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பசி.

நகுலேஸ்வரனுக்கு எழுத நினைத்தேன். தவறான தகவல், அவர்கள் போய்விட்டார்கள், இப்படி ஏதாவது. எழுதி எழுதி அழித்தேன். நான் பொய் சொன்னால் அவருக்கு உண்மை உறுதியாகிவிடும். எனக்குப் பொய் சொல்ல வராது, அதுவும் ஒரு வகை முட்டாள்தனம் என்று இப்போது தெரிகிறது.

சாமான் தூக்க ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்க மாட்டேன். வண்டியைக்கூட நீங்கள் ஓட்டுங்கள், நான் பின்னால் கண்ணை மூடி உட்காருகிறேன்.

வீட்டுக்குள் அறைக்கு அறை நடந்துகொண்டிருக்கிறேன். அலுவலகக் கூட்டத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எதற்கு என்று தெரியவில்லை. ஆமாம் என்றேன்.

அகிலன்


ஆகஸ்ட் 2

உங்கள் ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. வெளியிலிருந்தே தெரிகிறது. அதைச் சொல்லத்தான் எழுதினேன். திரைச்சீலையை இழுத்துவிடுங்கள்.

அ.


ஆகஸ்ட் 19

அகிலனுக்கு,

இழுத்துவிட்டேன்.

வீடு கிடைக்கவில்லை. ஒன்று நோத்ர-டாம்-த-கிரேஸில் பார்த்தேன். முன்பிருந்த வீட்டுக்காரரின் பெயரும் நம்பரும் வேண்டுமாம். அதைக் கொடுத்தால் ஓடிவந்ததற்கு அர்த்தமில்லை. இன்னொன்று லவாலில், வீட்டுக்காரர் எங்கள் ஆள். நல்ல மனிதர். தேத்தண்ணி தந்தார். கோப்பையை வைக்க முன்னமே, "பிள்ளை ஊரிலை எவடம்? அப்பான்ரை பேர் என்ன?" என்றார். நான் மெட்ரோவில் திரும்பி வந்துவிட்டேன்.

இரண்டு சனிக்கிழமையாகத் தெருவில் சாம்பல் நிறக் கார் ஒன்று நிற்கிறது. என் கணவர்தான், தெருத் தெருவாகத் தேடியிருக்கிறார். முதல் கிழமை மூலையில் நின்றது. போன கிழமை எங்கள் வீட்டுக்கு நேரே. சிவநேசம் அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அவ மேலே இருந்து இறங்கி வந்து கேட்கிறா: "பிள்ளை, அந்த மனுசன் கன நேரமாய் நிக்குது பாவம். ஒரு தேத்தண்ணி குடுக்கட்டோ?"

வேண்டாம் என்றேன். "ஏன், சீனி முடிஞ்சுதோ?" என்றா.

பொலிஸுக்குச் சொன்னேன். வந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். அவர் வந்து நின்றதற்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டாள். என் போனில் எடுத்ததைக் காட்டினேன். ஒரு சாம்பல் புள்ளி. உள்ளே இன்னொரு புள்ளி. கதவைத் திறந்து கிட்டப் போய் எடுக்க என்னால் முடியவில்லை.

உங்கள் முன் அறை ஜன்னலில் இருந்து தெரு முழுக்கவும் எங்கள் பக்கக் கதவும் தெரியும். பறவையின் தொண்டையை எடுக்கிற கமரா, ஒரு மனிதனின் முகத்தை எடுக்காதா?

பள்ளிக்கூடம் இந்த மாதக் கடைசியில் தொடங்குகிறது. மகளைப் பதிந்தாயிற்று. அவளுக்கு இது மூன்றாவது பள்ளி. இந்த முறை வேறு ஊருக்குப் போக மாட்டேன் என்கிறாள். பெட்டியில் இருந்த தன் சாமானை எல்லாம் திரும்ப வெளியே எடுத்து வைத்துவிட்டாள். நான் அடுக்கினால் அவள் எடுக்கிறாள்.

முடியாது என்றால் இதைக் கிழித்துவிடுங்கள். கோபப்பட மாட்டேன்.

ஃபீடரை ஏன் கழற்றினீர்கள் என்று மகள் கேட்கச் சொன்னாள்.


ஆகஸ்ட் 31

வணக்கம்,

இந்த உறையில் ஏழு படங்கள். கூடவே மெமரி கார்டு. அசல் கோப்புகள் அதில் இருக்கின்றன, தேதியும் நேரமும் அதற்குள்ளேயே பதிந்திருக்கும். போலீஸிடம் கார்டைக் கொடுங்கள். என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது.

23ஆம் தேதி சனிக்கிழமை அவர் வரவில்லை. நாள் முழுக்க ஜன்னலில் இருந்தேன். நேற்று மதியத்துக்குப் பிறகு வந்தார்.

பறவைக்குக் காத்திருப்பதுபோல்தான் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பறவை வர வேண்டும் என்று காத்திருப்பேன். இங்கே வர வேண்டும் என்றும் வரக் கூடாது என்றும் ஒரே நேரத்தில். திரைச்சீலை இடுக்கில் லென்ஸ்.

அவர் காருக்குள் எதையோ சாப்பிட்டார். விரல்களைத் துடைத்தார். கண்ணாடியில் தலையைச் சரிசெய்தார். பார்க்க நன்றாக இருந்தார். அது எனக்குத் தொந்தரவாக இருந்தது. பார்த்தவுடன் தெரிகிற மாதிரி ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்திருக்கிறேன் போல.

பிறகு இறங்கி உங்கள் பக்கக் கதவு வரை நடந்தார். தட்டவில்லை. கடிதப் பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தார். மூடினார். அப்போது எடுத்ததுதான் ஐந்தாவது படம்.

அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் எப்போதும் பின்னணி மங்கும்படிதான் எடுப்பேன். அதுதான் அழகு என்று பழகிவிட்டேன். இதில் லென்ஸின் கண்ணை முடிந்தவரை சுருக்கினேன். எல்லாம் தெளிவாக இருக்கிறது. அவர் முகம். காரின் நம்பர். வீட்டு எண். பெட்டியில் உங்கள் மகள் ஒட்டிய பறவை ஸ்டிக்கர் உட்பட. நான் எடுத்ததிலேயே அசிங்கமான படம். எதுவும் எதிலிருந்தும் பிரிந்து நிற்கவில்லை.

சாட்சிக்குக் கூப்பிட்டால் வருகிறேன். இந்த மாதத்தோடு இந்த வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியிருந்தேன். லவாலில் ஒன்று பார்த்து வைத்திருந்தேன். வேண்டாமென்று சொல்லிவிட்டேன். உங்களுக்காக அல்ல. எங்கே போனாலும் இந்த ஜன்னலில்தான் உட்கார்ந்திருப்பேன் என்று தோன்றியது.

இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போடவில்லை. கதவுக்கு அடியில் தள்ளுகிறேன்.

ஃபீடரைத் திரும்ப மாட்டிவிட்டேன். உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

அகிலன்


செப்டம்பர் 27

அகிலனுக்கு,

உங்கள் ஐந்தாவது படத்தை அந்தப் பெண் பொலிஸ் நெடுநேரம் பார்த்தாள். பிறகு "எனக்கு இது போதும்" என்றாள். அன்று மாலையே ரொறன்ரோவில் அவனைப் பிடித்தார்கள்.

இரண்டு நாளில் விட்டும்விட்டார்கள். இன்னும் கடுமையான நிபந்தனைகளோடு. இந்த மாகாணத்துக்குள் கால் வைக்கக் கூடாது. வழக்கு தை மாதம். இனி வர மாட்டான் என்று யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. நானும் நம்பவில்லை. இரவில் கார்ச் சத்தம் கேட்டால் இப்போதும் எழும்பி நிற்கிறேன்.

ஆனால் அவன் பயந்துவிட்டானாம். சித்தப்பன் யாருக்கோ போன் எடுத்து, "அந்தக் கமராக்காரன் ஆற்றை மகன், எந்த ஊர்?" என்று விசாரித்தாராம். நாலு பேரைத் தாண்டி எங்களுக்கு வந்து சேர்ந்தது. யாருக்கும் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. கன நாளைக்குப் பிறகு.

சிவநேசம் அக்காவிடம் எல்லாம் சொன்னேன். ஊருக்குத் தெரிந்தால் தெரியட்டும் என்று. "அவனுக்கோ நான் தேத்தண்ணி குடுக்கப் பாத்தன்!" என்று தலையில் அடித்தா. அன்றிலிருந்து பின்னேரங்களில் முன்வாசலில் கதிரை போட்டு இருக்கிறா. கையில் வாசல் கூட்டுகிற தும்புத்தடி. தபால்காரனையே இரண்டு தரம் மறித்துவிட்டா. உங்களைப் பற்றியும் கருத்து மாறிவிட்டது: "அந்தப் பெடியன் பரவாயில்லை. எண்டாலும் ஒரு பொம்பிளையைக் கட்டலாம்தானே."

பெட்டிகளைப் பிரித்துவிட்டோம். ஒன்றைத் தவிர. அதை அப்படியே வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

உங்கள் குடுவைக்கு ஒரு கிழமையாக ஒன்றும் வரவில்லை. போய்விட்டதா என்று மகள் ஆர்த்திகா கேட்டாள். போய்விட்டது, மே மாதம் வரும் என்றேன். "அப்ப நாங்களும் இஞ்சைதானே இருப்பம்?" என்றாள். ஓம் என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று யோசித்தேன்.

இனி அந்தப் போர்வை. கோடை முழுக்க அறைக்குள் அணைத்த ஹீட்டருக்கு மேல் போட்டுக் காய்ந்ததில் ஒரு மணம் பிடித்துவிட்டது. எறிந்துவிடச் சொல்லி அக்கா சொல்கிறா. அது ஆர்த்திகாவுடையது. யார் தைத்திருந்தாலும் அவளுடையது. நாளைக்கு நல்ல வெயில் என்கிறார்கள். தோய்த்துக் கொடியில் போடப் போகிறேன்.

வேலியில் அடித்த பலகையைக் கழற்றுங்கள். கமராவைக் கொண்டுவாருங்கள். பறவை இல்லாவிட்டால் பரவாயில்லை. நாங்கள் இரண்டு பேரும் அதற்கு முன்னால் நிற்கிறோம். எல்லாம் தெளிவாகத் தெரியும்படி எடுங்கள், அந்த அசிங்கமான முறையில். ஒன்று எங்களுக்கு. ஒன்றை நீங்கள் சுவரில் மாட்டினாலும் மாட்டலாம்.

வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள், எந்த இடம் என்று. பக்கத்து வீடு என்று சொல்லுங்கள்.

சிவாஜினி